கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித்தர ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும், ஐடியா சொல்லுங்க

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம், கோவில்பட்டி பக்கம். இந்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு லைப்ரரி மேனேஜ்மெண்ட், ஸ்டூடண்ட் மேனேஜ்மெண்ட்னு வருஷா வருஷம் பண்றதெல்லாம் வேண்டாம்னு எங்க டிபார்ட்மெண்ட்ல சொல்லிட்டாங்க. அதுக்கு பதிலா நாலு பேர் ஒரு டீமா சேர்ந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஏதாவது ஒரே ஒரு விஷயத்த எடுத்து அதப்பத்தி ஒண்ணுமே தெரியாத பசங்களுக்கு புரிய வைக்கணும். நாடகம் போடலாம், விளையாட்டு வைக்கலாம், அட்டையில செஞ்சு காட்டலாம், எப்படி வேணா பண்ணலாம், ஆனா கடைசியில பசங்களுக்கு உண்மையிலேயே புரிஞ்சுச்சான்னு நாங்கதான் காட்டணும்.

எங்க டீமுக்கு கிடைச்சது ஒரு கிராமத்து ஹைஸ்கூல். எட்டாவதும் ஒன்பதாவதும் சேர்த்து 40 பசங்க. ஸ்கூல்ல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு, அதுல ஒண்ணுதான் ஆன் ஆகுது, அதுவும் கரண்ட் இருந்தாதான்.

போன வாரம் ஒரு தடவ போய்ட்டு வந்தோம். அல்காரிதம்னா (ஒரு வேலைய படிப்படியா செய்யுற வழிமுறை) என்ன, ஃப்ளோசார்ட்னா (அந்த வழிமுறைய படமா வரைஞ்சு காட்டுறது) என்னன்னு 30 ஸ்லைடு பிபிடி ரெடி பண்ணி எடுத்துட்டு போனோம். பசங்க அமைதியா உக்காந்து பாத்தாங்க. முடிச்சப்புறம் "அல்காரிதம்னா என்ன, யாராவது சொல்லுங்க"ன்னு கேட்டேன். முன் வரிசையில ஒரு பொண்ணு எழுந்து ஸ்லைடுல இருந்தத ஒரு வார்த்த விடாம அப்படியே ஒப்பிச்சா. எனக்கு சந்தோசம். சரி உங்க வீட்டுல நீ பண்ற வேலையிலேர்ந்து ஒரு உதாரணம் சொல்லும்மான்னு கேட்டேன். அப்படியே நின்னா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு, உக்காரும்மான்னு சொல்லி நானே பேச்ச மாத்திட்டேன். திரும்பி வர்ற பஸ்ல அந்த முகம்தான் ஞாபகத்துல இருந்துச்சு. தப்பு அவ மேல இல்ல, நாங்க கொண்டுபோன விஷயத்துலதான்.

இன்னும் மூணு வாரம் டைம் இருக்கு. ரெண்டு மணி நேரம் கொடுப்பாங்க. செலவு ஐநூறு ரூபாய்க்குள்ள முடியணும். இந்த மாதிரி பண்ணவங்க, பாத்தவங்க, சொல்லிக்கொடுக்குறவங்க யாராவது இருந்தா உதவுங்க ப்ளீஸ்.

சாக்பீஸ்தூள்:

நல்ல கேள்வி கேட்டிருக்கம்மா. நான் அரசு மேல்நிலைப்பள்ளியில கணினி ஆசிரியர், தஞ்சாவூர் பக்கம். பதினொண்ணாவதுக்கு சி ப்ளஸ் ப்ளஸ், பன்னெண்டாவதுக்கு பைத்தான் எடுக்கிறேன். பன்னெண்டாவது புத்தகத்துல குமிழி வரிசையாக்கம்னு ஒரு பகுதி வரும், நீங்க படிக்கிற பபுள் சார்ட்தான், பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்ட ஒப்பிட்டு, தேவைன்னா இடம் மாத்தி வரிசைப்படுத்துறது. அத எத்தனையோ வருஷம் போர்டுல எழுதி எழுதி நடத்திருக்கேன், பசங்க பரீட்சையில சரியா எழுதிடுவாங்க, ஆனா ஏன் இத்தனை தடவ சுத்துதுன்னு கேட்டா பதில் வராது.

அதுக்கப்புறம் பசங்கள உயர வரிசையில நிக்க வச்சு பாத்தேன். இது எல்லாரும் பண்றதுதான், நீயும் யோசிச்சிருப்ப. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு, அது எனக்கு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. எட்டு பசங்கள நிக்க வச்சு உயரப்படி நில்லுங்கடான்னா பத்து செகண்ட்ல நின்னுடுவான், ஏன்னா மனுசக் கண்ணு எட்டு பேரையும் ஒரே நேரத்துல பாத்துடுது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கண்ணு கிடையாது. அதால ஒரு நேரத்துல ரெண்டே ரெண்ட எடுத்து எது பெருசுன்னு மட்டும்தான் கேக்க முடியும். அந்த கஷ்டத்த பசங்க அனுபவிக்கலைன்னா சார்ட்டிங்னா, அதான் வரிசைப்படுத்துறதுன்னா, என்னன்னே தெரியாது, "இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய ப்ரோக்ராம் எழுதணும்"னுதான் தோணும்.

அதனால உயரத்த விடு, எடைய எடு. ஒரே மாதிரி டப்பா எட்டு வாங்கு. உள்ள மணல் போடு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவு. வெளிய தெரியாம பேப்பர் ஒட்டிடு. ஒரு தராசு. கையில தூக்கிப் பாக்கக் கூடாது, தராசுல மட்டும்தான் பாக்கணும், ஒரு நேரத்துல ரெண்டு டப்பாதான். லேசானதுலேர்ந்து கனமானது வரைக்கும் வரிசைப்படுத்தணும், ஒவ்வொரு தடவ தராசுல வைக்கும்போதும் ஒருத்தன் நோட்டுல கோடு போட்டுட்டே வரணும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தக் கோட எண்ணிப் பாக்கும்போதுதான் பாடமே ஆரம்பிக்குது, ஏன்னா ஒரு குரூப் 28 கோடு போட்டிருக்கும் இன்னொரு குரூப் அத விட கம்மியா போட்டிருக்கும், எப்படிடா நீ மட்டும் கம்மியா முடிச்சன்னு அவங்களே சண்டை போட ஆரம்பிப்பாங்க.

இது என் சொந்த யோசனை இல்ல, சொல்லிடறேன். நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச் நகரத்துல இருக்கிற கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல டிம் பெல்னு ஒரு பேராசிரியர், அவரும் மைக் ஃபெல்லோஸ், இயன் விட்டன்னு ரெண்டு பேரும் சேர்ந்து 1990கள்லயே கம்ப்யூட்டர் இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித்தர இந்த மாதிரி நிறைய தயார் பண்ணாங்க. அன்பிளக்டுன்னு பேரு, பிளக்க புடுங்கிட்டு பாடம் நடத்துறது. உலகம் பூரா வாத்தியாருங்க எடுத்து பயன்படுத்துறாங்க, இலவசம்தான்.

இன்னொரு வீடியோவும் தேடிப் பாரு. ருமேனியாவுல சாப்பியென்ஷியா பல்கலைக்கழகத்துல இருந்து, 2011 வாக்குல வந்துச்சு, அந்த ஊர் நாட்டுப்புற நடனக்காரங்க நெஞ்சுல நம்பர் ஒட்டிக்கிட்டு பபுள் சார்ட்ட ஆடியே காட்டுவாங்க. ரெண்டு ரெண்டு பேரா முன்னாடி வந்து ஆடி, தேவைன்னா இடம் மாறி திரும்ப வரிசையில போய் நிப்பாங்க. எங்க பசங்களுக்கு போட்டு காட்டினேன், ரெண்டாவது தடவ பாக்கும்போது "இப்ப மாறுவாங்க சார்"னு அவங்களே முன்கூட்டி சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. உங்க பக்கம் ஒயிலாட்டம் தெரிஞ்ச பசங்க இருந்தா அதுலயே பண்ணலாம், ஆனா பழக்க மூணு வாரம் பத்தாது.

முக்கியமா ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஒரு விஷயம் மட்டும். சார்ட்டிங் எடுத்தா சார்ட்டிங்தான். கூடவே பைனரி, நெட்வொர்க்னு சேத்தா திரும்ப அந்த 30 ஸ்லைடு கதைதான்.

புளிமாங்காய்:

நான் தமிழாசிரியை. கம்ப்யூட்டர் பத்தி பேச எனக்கு தகுதி இருக்கான்னு தெரியல, ஆனா எங்க வீட்டுல பொண்ணு இன்ஜினியரிங் படிக்கிறா, அவ ஒரு நாள் பைனரி, அதான் 0, 1 ரெண்ட மட்டும் வச்சு எல்லா நம்பரையும் எழுதுற முறை, பத்தி எனக்கு விளக்கிட்டு இருந்தப்ப நான் பாதியிலயே நிறுத்தி "அடியே இது எங்க யாப்பு டி"ன்னேன். அத இங்க சொல்லியே ஆகணும்.

பத்தாவதுல அலகிடுதல் நடத்துறோம். அசை ரெண்டே வகை, நேர், நிரை. மூணாவது கிடையாது. ரெண்டு அசை சேர்ந்தா எத்தனை சீர் வரும்? தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். நாலு. மூணு அசை சேர்ந்தா காய்ச்சீர் நாலு கனிச்சீர் நாலு, ஆக எட்டு. நாலசைச்சீர் எத்தனைன்னா 16. ரெண்டு நாலு எட்டு பதினாறு. பைனரியில ஒரு இடம் கூடக்கூட ரெண்டு மடங்காகும்னு என் பொண்ணு சொன்னது இதேதான்.

இப்ப நேருக்கு 0, நிரைக்கு 1 போட்டுப் பாருங்க. தேமாங்காய் 000, தேமாங்கனி 001, கூவிளங்காய் 010, கூவிளங்கனி 011, புளிமாங்காய் 100, புளிமாங்கனி 101, கருவிளங்காய் 110, கருவிளங்கனி 111. சுழியத்துலேர்ந்து ஏழு வரைக்கும் வரிசையா வந்துருச்சு! இத எழுதிப் பாத்த அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

முதல் குறளையே எடுத்துக்கலாம். அகர, அக நிரை ர நேர், 10. முதல, அதுவும் 10. எழுத்தெல்லாம், எழுத் நிரை, தெல் நேர், லாம் நேர், 100. ஆதி 00. பகவன் 10. முதற்றே 10. கடைசி சீர் உலகு மட்டும் பிறப்புங்கிற வாய்பாடு, அது வெண்பாவோட முடிவுன்னு காட்டுற அடையாளம், அத தனியா வச்சுக்கலாம்.

போன வருஷம் என் வகுப்புல மூணு மூணு பேரா நிக்க வச்சேன், நேர்னா உக்காரணும், நிரைன்னா நிக்கணும். நான் "கூவிளங்கனி"ன்னு கத்துவேன், முதல் ஆள் உக்காந்து மத்த ரெண்டு பேரும் நிக்கணும். உடனே மிச்ச பசங்க "மூணு!"ன்னு கத்தணும். கணக்கு சார் பக்கத்து வகுப்புலேர்ந்து எட்டிப் பாத்துட்டு போனாரு. அலகிடுதல்னாலே முகத்த சுளிக்கிற பசங்க அன்னைக்கு மணி அடிச்சும் போகல. ஒன்பதாவது பசங்களுக்கு நேர் நிரை மட்டும் அரை மணி நேரத்துல சொல்லிக்கொடுத்துடலாம், அந்த ஸ்கூல் தமிழாசிரியர கேட்டுப் பாருங்கம்மா, சந்தோசமா வந்து நிப்பாங்க.

கரிசல்பொண்ணு:

அம்மா, சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அந்த யாப்பு விஷயத்த படிச்சுட்டு எங்க டீம்ல எல்லாருக்கும் ஃபோன் போட்டு சொன்னேன். பத்தாவதுல நானும் தேமா புளிமா மனப்பாடம் பண்ணவதான், காலேஜ்ல பைனரியும் படிச்சேன், ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு நாளும் தோணல.

சார், தராசுக்கு ஒரு சந்தேகம். 40 பசங்கன்னா அஞ்சு குரூப் வரும், அஞ்சு தராசு எங்க போறது?

சாக்பீஸ்தூள்:

துணி மாட்டுற ஹேங்கர் எடு, ரெண்டு முனையிலயும் நூல்ல ஒரே மாதிரி பேப்பர் கப் கட்டு, ஆணியில தொங்க விடு. டப்பாவ கப்புக்குள்ள போற சைசுல வாங்கு. மணல் அளவுல நல்லா வித்தியாசம் வை, ரொம்ப நெருக்கமா போட்டா ஹேங்கருக்கு தெரியாது.

பிழைதேடி:

சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், பன்னெண்டு வருஷம். காலேஜ் படிக்கும்போது எனக்கு நடந்த ஒண்ண சொல்றேன், ப்ராஜெக்ட்டுக்கு ஆகும்.

பாலின்ட்ரோம் ப்ரோக்ராம் எல்லாரும் எழுதிருப்போம், ஒரு வார்த்தைய திருப்பிப் போட்டாலும் அதேதான் வருதான்னு செக் பண்றது. மேடம், லெவல்னு இங்கிலீஷ் வார்த்த கொடுத்தா சரியா வரும். நான் ஆசையா தமிழ்ல விகடகவின்னு கொடுத்தேன். இல்லன்னு சொல்லிருச்சு. விகடகவிய! சின்ன புள்ளையிலேர்ந்து தமிழ்ல திருப்பிப் படிச்சாலும் மாறாத வார்த்தன்னா அதத்தான் சொல்லுவாங்க. ஒரு நாள் பூரா கோட்ல தப்பு தேடினேன், கோட்ல தப்பே இல்ல.

விஷயம் என்னன்னா நமக்கு வி ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு. யூனிகோட்ல, அதான் எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் கொடுக்கிற முறையில, வ தனி, அது மேல வர்ற கொக்கி தனி. தமிழ்ல 247 எழுத்து இருந்தாலும் யூனிகோட்ல 247க்கும் தனித்தனி இடம் கிடையாது, உயிரெழுத்து, அகரமேறிய மெய், அப்புறம் கால், கொம்பு, கொக்கி, புள்ளின்னு துண்டு துண்டாத்தான் இருக்கு. தமிழ்ங்கிற வார்த்தைய பைத்தான்கிட்ட கொடுத்து நீளம் எவ்ளோன்னு கேட்டா 3 சொல்லாது, 5 சொல்லும். த, ம, கொக்கி, ழ, புள்ளி.

இத பசங்கள வச்சு நடிச்சே காட்டலாம். ஏழு பசங்க, ஏழு அட்டை. வ, ி, க, ட, க, வ, ி. வரிசையா நின்னா விகடகவி. இப்ப கடைசி ஆள்லேர்ந்து முதல் ஆள் வரைக்கும் அப்படியே திரும்பி நில்லுங்கன்னு சொல்லு. முதல்ல வந்து நிக்கிறது யாரு, ஒட்டுறதுக்கு எழுத்தே இல்லாம கொக்கி மட்டும் தனியா! அடுத்து வ, க, ட. அதுக்கப்புறம் ரெண்டாவது க பக்கத்துல இன்னொரு கொக்கி போய் ஒட்டிக்கிச்சு, கி ஆயிருச்சு. வகடகிவ. பசங்க வாய் விட்டு படிச்சுப் பாக்கட்டும். அப்புறம் கேளு, இத சரி பண்ண என்ன பண்ணலாம்னு. யாராவது ஒருத்தன் சொல்லுவான், வ-வும் கொக்கியும் கைய கோத்துக்கட்டும், ஜோடியா நகரட்டும்னு. அதான் பதில். நிஜத்துலயும் அதத்தான் பண்றோம், எழுத்து எழுத்தா சேத்து வச்சுட்டு அப்புறம் திருப்பணும்.

நான் வேலைக்கு சேர்ந்தப்புறம் தமிழ்ப் பேரு வர்ற இடத்துல எல்லாம் முதல்ல இதத்தான் டெஸ்ட் பண்ணுவேன். ஒரு ஆப்ல பேர 10 எழுத்துக்கு மேல போடக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, தமிழ்ல அஞ்சாறு எழுத்து பேருக்கே பாதியில வெட்டிருச்சு. கொக்கி போச்சு புள்ளி போச்சு, பேரே மாறிப்போச்சு. எழுத்துன்னா என்னங்கிறத நம்ம பசங்க நம்ம மொழியில யோசிச்சு பழகினா நாளைக்கு அவங்க எழுதுற ஆப்ல இந்த தப்பு வராது, அதுக்காகவே இத யாராவது பண்ணணும்னு ஆசை.

வாசல்தெளிச்சவ:

கோலத்த யாரும் சொல்லலையே! புத்தகத்துல "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி"ன்னு ஒரே வரி போட்டிருப்பாங்க. அத பாத்ததும் நம்ம கை என்ன பண்ணுது? நடுவுல 7, மேல 6, 5, 4, கீழயும் 6, 5, 4, ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையோட ரெண்டு புள்ளிக்கு நடுவுல. மொத்தம் 37 புள்ளி. 37 புள்ளியையும் ஒவ்வொண்ணா சொல்லாம ஒரே வரியில சொல்லிட்டாங்க, எங்க ஆரம்பிக்கணும் எங்க நிறுத்தணும் எப்படி நகரணும்னு மூணுதான். ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்ற லூப்னு நீங்க சொல்றது இதானே? நான் டேட்டா என்ட்ரி வேலை பாக்குறவ, லூப்னா என்னன்னு எங்க ஆபீஸ் தம்பி சொன்னப்ப எனக்கு உடனே கோலம்தான் ஞாபகம் வந்துச்சு.

இத பெரிய ஆளுங்களும் யோசிச்சிருக்காங்க. தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974லயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சிக் கட்டுரையா வெளியிட்டாங்க. நம்ம வாசல்ல போட்டது உலகத்துக்கு போயிருக்கு.

செய்முறை வேணும்னா, ஒரு பொண்ணு போர்டுல போடணும், இன்னொருத்தி திரும்பி நின்னுக்கிட்டு வாயால மட்டும் சொல்லணும். "அப்படி வளைச்சு இழு"ன்னா ஏத்துக்கக் கூடாது, எந்தப் புள்ளிய எந்தப் பக்கமா சுத்தணும்னு சரியா சொன்னாதான் கை நகரணும். முதல் தடவ கோலம் வராது. சொல்ற வார்த்தைய மாத்தி மாத்தி மூணாவது தடவ வரும்.

சாத்தூர்காரன்:

எல்லாரும் நல்லா சொல்லிருக்கீங்க, நான் கொஞ்சம் மாத்துக் கருத்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நாங்களும் காலேஜ்ல இதே மாதிரி பண்ணோம். நெட்வொர்க்ல பாக்கெட், அதான் துண்டு துண்டா வெட்டின தகவல், எப்படி போகுதுன்னு காட்ட பசங்க கையில கவர் கொடுத்து ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு பாஸ் பண்ண விட்டோம். ஒரே கொண்டாட்டம், ஃபோட்டோ எல்லாம் அருமையா வந்துச்சு, எங்களுக்கு மார்க்கும் போட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே ஸ்கூல் பசங்க ரெண்டு பேர பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். "அண்ணா அந்த கவர் விளையாட்டு சூப்பரு"ன்னானுங்க. அது எதப்பத்தி தம்பின்னு கேட்டேன். போஸ்ட் ஆபீஸ் பத்திண்ணான்னு சொன்னான். எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. விளையாட்ட மட்டும் கொடுத்துட்டு, அது கம்ப்யூட்டர்ல எங்க இருக்குன்னு காட்டாம வந்துட்டோம். கவர் கொடுத்த அடுத்த நிமிசமே ஒரு ஃபோன எடுத்து, நீ அனுப்புற ஃபோட்டோ இப்படித்தான் துண்டு துண்டா போகுதுன்னு அஞ்சு நிமிசம் சொல்லிருந்தா போதும்.

அதனால எத எடுத்தாலும் கடைசி பதினஞ்சு நிமிசம் இதுக்குன்னு ஒதுக்கி வை தங்கச்சி. உன் லேப்டாப்ப எடுத்துட்டு போ.

அப்புறம் உங்க ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு, தீப்பெட்டி. 1961ல டொனால்ட் மிக்கின்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, எக்ஸ் ஓ விளையாட்டு ஆட தானா கத்துக்கிற மெஷின வெறும் 304 தீப்பெட்டியில செஞ்சாரு. அது பெருசு, உனக்கு வேண்டாம். அடுத்த வருஷமே கணக்குப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அத 24 தீப்பெட்டிக்கு சுருக்கி வேற விளையாட்டு கொடுத்தாரு. 3க்கு 3 கட்டம், ஆளுக்கு மூணு காய், செஸ்ல சிப்பாய் மாதிரி நேரா ஒரு கட்டம் போகலாம், குறுக்கால இருக்கிற எதிரி காய வெட்டலாம். எதிர்க்கரைய தொட்டாலும் எதிராளிய நகர விடாம பண்ணாலும் ஜெயிப்பு. ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு நிலைமைய வரைஞ்சு, அதுல என்னென்ன போகலாமோ அத கலர் கலரா அம்புக்குறி போட்டு, உள்ள அதே கலர்ல பாசி போட்டு வைக்கணும். தீப்பெட்டி ரெண்டாவதா ஆடும். அதோட முறை வந்தா அந்த பெட்டிய குலுக்கி கண்ண மூடி ஒரு பாசி எடு, அந்த கலர் அம்புதான் ஆட்டம். தோத்துச்சுன்னா கடைசியா எடுத்த பாசிய தூக்கி எறிஞ்சுடு. ஆரம்பத்துல தீப்பெட்டி தோத்துக்கிட்டே இருக்கும், ஆட ஆட தப்பான பாசி எல்லாம் போயி கடைசியில பசங்களால ஜெயிக்கவே முடியாது. ஏஐ ஏஐன்னு ஊரே பேசுதே, அது எப்படி கத்துக்குதுன்னு எட்டாவது பையன் கைய விட்டுப் பாக்க இத விட நல்லது நான் பாத்ததில்ல. பெட்டி எல்லாம் வரையறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆகும்.

கரிசல்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், மூணு வாரம் கழிச்சு வாரேன். நேத்துதான் முடிஞ்சுது. விவரமா எழுதுறேன், ஏன்னா நீங்க எல்லாரும் உங்க நேரத்த கொடுத்திருக்கீங்க.

சார் சொன்னபடி ஒரே விஷயம், சார்ட்டிங். விகடகவிய எங்க கிளாஸ்ல இன்னொரு டீம் எடுத்துக்கிட்டாங்க, தீப்பெட்டிய இன்னொரு டீம், அவங்க அடுத்த வாரம் போறாங்க. 40 டப்பா, அஞ்சு ஹேங்கர் தராசு, மணல் எங்க வீட்டு பக்கத்துல வீடு கட்டுற இடத்துல கேட்டு வாங்கினோம். மொத்தம் 380 ரூபா.

முதல்ல ஒண்ணுமே சொல்லல. அல்காரிதம்ங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாதுன்னு நாங்க நாலு பேரும் பேசி வச்சுக்கிட்டோம். டப்பாவ கொடுத்து, ரூல் மட்டும் சொல்லி விட்டுட்டோம். முதல் பத்து நிமிசம் குழப்பம்தான், எத எதோட வச்சோம்ங்கிறதே மறந்துபோயி ஒரே ஜோடிய ரெண்டு தடவ வச்சுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு குரூப், ஒரு டப்பாவ தராசுலயே வச்சுக்கிட்டு மத்தத ஒவ்வொண்ணா கொண்டுவந்து எது ஜெயிக்குதோ அத மட்டும் வச்சுக்க ஆரம்பிச்சாங்க. ஏழு தடவையில கனமான டப்பா கிடைச்சிருச்சு. மிச்சத்துல ஆறு, அப்புறம் அஞ்சு. கடைசியில எண்ணிப் பாத்தா சரியா 28 கோடு. சார் நீங்க சொன்ன அதே 28.

நாலாவது குரூப்ல முதல் நாள் கண்ணு கலங்கின அந்தப் பொண்ணு இருந்தா. அவ குரூப்ல டப்பாவ தொடுறதுக்கு சண்டை வந்து, ஆளுக்கு பாதியா எட்டையும் நாலு நாலா பிரிச்சுக்கிட்டாங்க. ஆளுக்கு ஆறு தடவ வச்சு ரெண்டு வரிசை ரெடி பண்ணிட்டாங்க. இப்ப ரெண்டு வரிசைய எப்படி ஒண்ணாக்குறதுன்னு நின்னாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருக்கேன், வாய திறக்கல. அவதான் சொன்னா, "ரெண்டு வரிசையிலயும் முதல்ல நிக்கிறத மட்டும் வச்சுப் பாப்போம், எது லேசோ அது வெளிய வரட்டும்"னு. ஆறே தடவையில சேந்துருச்சு. மொத்தம் 18. எங்களுக்கு மெர்ஜ் சார்ட்னு ஒரு யூனிட்டே இருக்கு, அத ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஹேங்கர வச்சு கண்டுபிடிச்சுட்டா. எப்படி உனக்கு தோணுச்சுன்னு கேட்டேன். வீட்டுல ரெண்டு கட்டு தீப்பெட்டி லேபிள ஒண்ணா அடுக்கும்போது அப்படித்தான்க்கா எடுப்போம்னு சொன்னா. அன்னைக்கு கேட்டேனே உங்க வீட்டுல பண்ற வேலையிலேர்ந்து ஒரு உதாரணம்னு, அதுக்கு பதில் நேத்துதான் கிடைச்சுது.

சாத்தூர் அண்ணா சொன்னபடி கடைசி பதினஞ்சு நிமிசம் லேப்டாப்ப திறந்து, ஷாப்பிங் ஆப்ல விலை குறைவானது முதல்லன்னு அழுத்திக் காட்டி, இதுக்குள்ள இப்ப ரெண்டு ரெண்டா தராசுல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்குன்னு சொன்னோம். பின்னாடி இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்து எட்டிப் பாத்தாங்க.

புரிஞ்சுதான்னு பாக்க பரீட்சை வைக்கல. உங்க தம்பிக்கோ தங்கச்சிக்கோ இத சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு சீட்டுல எழுதுங்கன்னோம். ஒரு பையன் எழுதினது அப்படியே: "ரெண்டு டப்பாதான் பாக்கணும். மூணாவது டப்பாவ பாத்தா அது கம்ப்யூட்டர் இல்ல, மனுசன்."

இப்ப என் சந்தேகத்துக்கு வாரேன். ஒரு குரூப் பக்கத்து பக்கத்து டப்பாவா வச்சு, தேவைன்னா இடம் மாத்தி, ஒரு சுத்து முழுக்க எதுவும் மாறலைன்னா நிறுத்துன்னு பண்ணிட்டு இருந்தாங்க, சரியான பபுள் சார்ட். அதுல ரெண்டு டப்பாவுல எங்க கை தவறி ஒரே அளவு மணல் விழுந்திருக்கு போல. ஒரு பையன் கூப்பிட்டான், "அக்கா, தராசு நேரா நிக்கு. இப்ப மாத்தணுமா, மாத்தக் கூடாதா?" எனக்கு பதில் வரல. எப்படி வச்சாலும் ஒண்ணுதானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அது சரியான்னு தெரியாம சொல்ல மனசு வரல. அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்ன சொல்லட்டும்?

சாக்பீஸ்தூள்:

சொல்லாம வந்தியே, ரொம்ப சரி. எப்படி வச்சாலும் ஒண்ணு இல்லம்மா.

வகுப்புல பேரு வரிசைப்படி ஒரு லிஸ்ட் இருக்குன்னு வச்சுக்க. அத மார்க் வரிசைக்கு மாத்துற. ரெண்டு பேர் 85 எடுத்திருந்தா, முன்னாடி இருந்த பேரு வரிசையிலயே அவங்க ரெண்டு பேரும் நிக்கணும்னுதான் எதிர்பாப்போம். சமமா இருக்கும்போது மாத்தலைன்னா அந்த வரிசை கலையாது. அதுக்கு ஸ்டேபிள் சார்ட்னு பேரு, நீயே படிச்சிருப்ப. அடுத்த தடவ வேணும்னே ரெண்டு டப்பாவுல ஒரே அளவு மணல் போட்டு, ஒண்ணுல சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணுல நீல ஸ்டிக்கர் ஒட்டு, சிவப்பு முன்னாடி இருந்தா கடைசியிலயும் சிவப்பு முன்னாடி இருக்கான்னு பாக்கச் சொல்லு.

அதவிட பெரிய காரணம் அந்த குரூப் வச்சிருந்த ரூல்லயே இருக்கு. எதுவும் மாறலைன்னாதானே நிறுத்தணும்? அப்ப சமமா இருந்தாலும் மாத்துன்னு வச்சா என்ன ஆகும்னு யோசி. ஆனா அந்தப் பையன்கிட்ட பதில சொல்லிடாத. டப்பாவையும் தராசையும் அவன் கையில கொடுத்து, நேரா நின்னாலும் மாத்துடான்னு சொல்லிட்டு, எப்ப முடியுதோ அப்ப வந்து என்னை கூப்பிடுன்னு சொல்லி விட்டுடு.